பால் கணக்கு

எங்கள் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் கணக்கு அதில்தான். தினம் ஒரு லிட்டருக்கு ஒரு கோடு, விருந்தாளி வந்து கூடுதலாக வாங்கினால் பக்கத்தில் அரை, பால்காரர் வராத நாளில் ஒரு பெருக்கல் குறி. ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதை எழுதுவது என் வேலை. சென்ற பிப்ரவரியில் என் மகள் அந்தப் பேனாவை நூலோடு அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இனிமே நான் பாத்துக்கிறேன் வாப்பா. நீங்க சும்மா இருங்க."

அந்தப் பேனா எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன். வழக்கமாக மணியார்டர் கதையும் கம்பன் எக்ஸ்பிரஸ் கதையும் எழுதுகிறவன் திடீரென்று வியாதியைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். யாருக்காவது உபயோகப்படும்.

தபால் இலாகாவில் 38 வருடம் இருந்தேன். 1975-ல் பட்டுக்கோட்டையில் சேர்ந்து, முத்துப்பேட்டை, பேராவூரணி என்று சுற்றிவிட்டு நம்மூருக்கு வந்து, தந்தியை நிறுத்திய அதே 2013-ல் ஓய்வு பெற்றேன். நம்மூர்த் தபாலைப் பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரே தெருவில் ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள். சில சமயம் தகப்பனார் பெயரும் ஒன்றாகவே இருக்கும். வீட்டுப் பட்டப்பெயர் தெரிந்தால்தான் கடிதம் சரியான ஆளிடம் போகும். பினாங்கிலிருந்தும் ஜித்தாவிலிருந்தும் எழுதுகிறவர்கள் பெயரையும் 614701 என்ற எண்ணையும் மட்டும் எழுதிப் போட்டுவிடுவார்கள். கையெழுத்தைப் பார்த்தே இது புதுமனைத் தெருவுக்கு, இது கடற்கரைத் தெருவுக்கு என்று எடுத்து வைத்துவிடுவேன். ஞாபகசக்திதான் எனக்குச் சோறு போட்டது. அதில் ஓட்டை விழுகிறது என்றால் மற்றவர்களை விட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறைத்தது.

பெயர் மறப்பதும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவதும் எல்லோருக்கும் உள்ளதுதான். தொழுகையில் மூன்றா, நான்கா என்று சந்தேகம் வருவதும் புதிதல்ல. அதற்கென்றே ஸஹ்வு ஸஜ்தா இருக்கிறது. என்னைப் பயமுறுத்தியது வேறு. 2024 நவம்பரில், பென்ஷன்காரர்கள் வருடா வருடம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றைக் கொடுக்கப் போனேன். மெஷினில் விரலை வைக்கப் போகும்போது அங்கிருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நீங்க போன வாரமே கொடுத்துட்டீங்களே, சார்" என்றான்.

எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு பெயரை மறந்தால் யாராவது சொன்னதும் 'அடடா' என்று வந்துவிடும். இது அப்படி வரவில்லை. அவன் தேதியையும் நேரத்தையும் சொன்ன பிறகும் வரவில்லை. அந்தக் காலைப்பொழுதே முழுதாகக் காணோம். "உயிரோட இருக்கிறதை ஒரே மாசத்துல ரெண்டு தடவை நிரூபிச்ச ஆளு இந்தப் பக்கத்துல நான் ஒருத்தன்தான்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தேன். வீட்டில் சொல்லவில்லை.

சொல்லாமலே மனைவிக்குத் தெரிந்திருந்தது. ஜனவரியில், சர்க்கரைக்குக் காட்டப் போகிற சாக்கில், தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முப்பது மார்க் பரீட்சை வைத்தார்கள். கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணியவனிடம் கேட்கிற கேள்வியா இது? தடங்கலில்லாமல் சொன்னேன். முதலில் ஐந்து வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அந்த ஐந்தும் என்ன என்று கேட்டார்கள். ஒன்றுதான் வந்தது. துப்புக் கொடுத்தபோது இன்னொன்று வந்தது. மீதி மூன்றும் போன இடம் தெரியவில்லை. மொத்தம் 22. இந்தச் சோதனையில் 26-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

பிறகு டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மனைவியிடம் இருபது நிமிடம் பேசினார். உண்மையான பரீட்சை அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

"இது டிமென்ஷியா இல்லை, ஐயா. ஆனா வயசுக்கு வர்ற சாதாரண மறதியும் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல" என்று சொல்லி, மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட் என்று சீட்டில் எழுதினார். தமிழில் லேசான அறிவாற்றல் குறைபாடு என்கிறார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சனும் அவருடைய குழுவினரும் 1999-ல் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். ஞாபகம் வயதுக்குத் தகுந்ததை விடக் குறைந்திருக்கும், ஆனால் அன்றாட வேலைகளை ஆள் தானே பார்த்துக்கொள்வார். வேலைகளும் கை நழுவிப் போனால் அது டிமென்ஷியா, அதாவது மறதி நோய். ஆக, எவ்வளவு மறந்தோம் என்பதை மட்டும் வைத்துக் கோடு போடவில்லை. சொந்த வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறதா என்பதில்தான் கோடு இருக்கிறது. இதைப் பின்னால் நான் நிறைய யோசித்தேன்.

"எனக்கு அது வருமா, வராதா? வரும்னா எப்ப வரும்?" என்று கேட்டேன்.

அந்த டாக்டர் மழுப்பவில்லை. "எங்கிட்ட வர்றவங்கள்ல உங்களை மாதிரி நூறு பேரை எடுத்தா, ஒரு வருஷத்துல சுமாரா பத்துப் பேருக்கு டிமென்ஷியாவா மாறுது. ஆஸ்பத்திரிக்கு வராதவங்களையும் சேத்து ஊருக்குள்ள கணக்கெடுத்தா அஞ்சு பேர்தான். அப்படியே இருக்கிறவங்க நிறைய. திரும்பச் சரியாப் போறவங்களும் உண்டு."

"அந்த நூறு பேர்ல நான் யாரு?"

"அதைத்தான் உலகம் பூரா தேடிக்கிட்டிருக்காங்க."

வீட்டுக்கு வந்து நானும் தேடினேன். 41 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009-ல் எழுதிய கட்டுரை ஒன்று, பத்து வருடம் ஆனாலும் இந்த நடு நிலையில் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு டிமென்ஷியா வருவதில்லை என்கிறது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அடுத்த நாள் ராத்திரி, அந்தப் பெரும்பாலோரில் நான் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை வந்து தூக்கம் போய்விட்டது. நூறு பேருக்குச் சொல்கிற கணக்கை ஒரு ஆள் தலையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டாக்டர் ரத்தப் பரிசோதனைகளும் எழுதியிருந்தார். தைராய்டு சரியாக இருந்தது. பி12 குறைவாக இருந்தது. மீன் இல்லாமல் சோறு இறங்காத எனக்கு எப்படி பி12 குறையும் என்று கேட்டேன். இருபது வருடமாகச் சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரை அதைக் குறைக்குமாம். இரவில் அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் நானே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையும் ஞாபகத்தை மந்தப்படுத்தும் வகையைச் சேர்ந்தது என்று நிறுத்தச் சொன்னார். இடது காது மந்தம் என்பதால் காதுக்கு மெஷின். காது கேளாமைக்கும் டிமென்ஷியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகை அமைத்த குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றையெல்லாம் முற்றாகச் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, கவனிக்காமல் விட்ட கண் பார்வை எல்லாம் அதில் உண்டு. கண்ணில் புரை இருந்தும், 'இன்னும் முத்தட்டும்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் என் நண்பர் ஒருவர் இதைப் படிப்பார். அவருக்காகத்தான் இந்த வரி.

தஞ்சாவூரிலிருந்து திரும்பிய வாரத்திலேயே வீட்டில் அதிகார மாற்றம் நடந்துவிட்டது. மருமகன் என் டிவிஎஸ் சாவியை எடுத்துக்கொண்டார். கரண்ட் பில்லை மகள் போனிலேயே கட்டத் தொடங்கினாள். ஏ.டி.எம். அட்டை பீரோவுக்குள் போனது. ரேஷன் கடைக்குப் போக ஆள் வந்தது. கடைசியாகப் போனது பால் கணக்குப் பேனா. எல்லாம் பாசத்தில் செய்ததுதான். நம்மூர் வழக்கப்படி இது மனைவியின் வீடு, நாளைக்கு மகளின் வீடு. நான் இங்கே 46 வருட விருந்தாளி. விருந்தாளியை வேலை வாங்குவார்களா?

எனக்கு லாத்தா ஞாபகம் வந்தது.

லாத்தா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். உம்மாவுக்கு அடுத்து என்னை வளர்த்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அறபுத்தமிழில் எழுதியதைச் சரளமாகப் படிப்பார், கணக்கெல்லாம் மனசுக்குள்ளேயே போடுவார். 2014 ரமலானில் ஒருநாள் நோன்புக் கஞ்சியில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். அவருக்கு மூன்று பெண்மக்கள், வீடு நிறைய ஆள். "நீங்க உக்காருங்க உம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்று அடுப்படியை வாங்கிக்கொண்டார்கள். பிறகு மீன்காரியிடம் பேரம் பேசுவது போனது. பிறகு பணப்பெட்டிச் சாவி. ஒரு வருடத்துக்குள் லாத்தாவுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. சாப்பாடு கைக்கு வரும், வெற்றிலை மடிக்கு வரும். பிள்ளைகள் ராணி மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

2016-ல் லாத்தாவின் நாலு வளையல் காணாமல் போனது. வீட்டில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்த, பக்கத்துக் கிராமத்துப் பெண் எடுத்துவிட்டதாக லாத்தா சொன்னார். உறுதியாகச் சொன்னார். எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றார். அந்தப் பெண் அழுதாள், தன் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். போலீசுக்குப் போவோம் என்று மிரட்டியது நான்தான். அரசாங்க உத்தியோகம் பார்த்த தம்பி பேசினால் எடுபடும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அன்றோடு நின்றுவிட்டாள். மாதச் சம்பளப் பாக்கியைக்கூட வாங்க வரவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லாத்தா வீட்டில் சாமான் அறைக்கு மேலிருந்த ஓடு முழுவதும் போய், மழைத் தண்ணீர் உள்ளே கொட்டியது. இரண்டு நாள் கழித்து ஜாடிகளையெல்லாம் வெளியே எடுத்துக் கவிழ்த்தபோது, பழம்புளி ஜாடிக்குள்ளிருந்து துணி முடிச்சு ஒன்று விழுந்தது. நாலு வளையலும் அதில் இருந்தன. லாத்தா அவற்றைப் பார்த்துவிட்டு, "இது யாரு ஊட்டு வளையலு?" என்று கேட்டார். அன்று மாலை, வாப்பா ஏன் இன்னும் கடைத்தெருவிலிருந்து வரவில்லை என்று என்னைக் கேட்டார். வாப்பா மௌத்தானது 1979-ல்.

அதன் பிறகுதான் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வியாதி பாதி வழி வந்துவிட்டது என்றார்கள். படிவத்தில் படிப்பறிவு இல்லாதவர் என்று எழுதினார்கள். அறபுத்தமிழுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. (எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களைப் படித்தவர்களுக்கான கேள்வித்தாளால் அளக்கக் கூடாது என்று, ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்தில் வேலை செய்த ஆய்வாளர்கள் 1995-லேயே அவர்களுக்கென்று தனியாக ஒரு சோதனையை உருவாக்கியிருந்தார்கள் என்பதைப் பிறகு படித்தேன்.) லாத்தா 2022-ல் மௌத்தானார்.

அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். மகனோடு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். நம்பர் வாங்கிப் பேசினேன். வளையல் கிடைத்துவிட்டது, தப்பு எங்களுடையது என்றேன். "கெடச்சிருச்சா? சரிங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

காணாமல் போன பொருளைத் தான் ஒளித்து வைத்ததே தெரியாமல் வேலைக்காரர் மேல் பழி சொல்வது இந்த வியாதியில் சர்வசாதாரணம் என்று டாக்டர் சொன்னார். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணின் பெயர் கெட்டிருக்காது. ஏன் தெரியாமல் போனது? லாத்தாவைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இதற்குப் பதில் எனக்கு இந்த வருடம்தான் கிடைத்தது, அதுவும் என் வியாதியைப் பற்றிப் படிக்கும்போது. 10/66 டிமென்ஷியா ஆராய்ச்சிக் குழு என்று ஒன்று இருக்கிறது. உலகத்து டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, மக்களிடையே நடக்கும் ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதால் அந்தப் பெயர். நம் மாநிலத்தில் சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து எடுத்த அவர்களுடைய கணக்கு 2008-ல் வெளிவந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் இலக்கணப்படி பார்த்தால் நம் கிராமத்தில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட டிமென்ஷியா இல்லை. நம் போன்ற ஊர்களுக்கு ஏற்றபடி அவர்களே சோதித்து உருவாக்கிய முறையில் பார்த்தால் அதைப் போலப் பல மடங்கு. ஏன் இந்த வித்தியாசம்? அந்த இலக்கணத்தில் அன்றாட வேலை கெட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நம் வீடுகளில் வயதானவருக்கு வேலையே கொடுப்பதில்லை. இல்லாத வேலை எப்படிக் கெடும்? வீட்டாரைக் கேட்டால், ஒரு கஷ்டமும் இல்லை, நன்றாக இருக்கிறார் என்பார்கள்.

நாங்களும் அதைத்தான் சொன்னோம். உப்புப் போட்டுக்கொண்டே இருந்திருந்தால், ஆறு மாதத்துக்கு ஒரு கஞ்சியாவது கெட்டிருக்கும். எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

(நாடு முழுவதும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்த லாசி-டாட் என்ற பெரிய ஆய்வு 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறது. கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். ஆண்களை விடப் பெண்களிடமும், நகரத்தை விடக் கிராமத்திலும் அதிகம்.)

ஷார்ஜாவில் இருக்கும் மகனுக்கு வேறு யோசனை. தினம் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புவான். "வாப்பா, இப்ப ரத்தத்துலயே கண்டுபிடிக்கிறாங்க. காசைப் பத்தி யோசிக்காதீங்க" என்றான். அவன் சொன்னது உண்மைதான். அல்சைமர் வியாதியில் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிகிறது, டௌ என்ற இன்னொரு புரதம் முறுக்கிக்கொள்கிறது. முன்பு இதைப் பார்க்க பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். 2025 மே மாதத்தில், மறதி அறிகுறி உள்ள 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக ஒரு ரத்தப் பரிசோதனையை முதன்முதலாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்திருக்கிறது. பி-டௌ 217 என்பதை அளந்து, அமிலாய்டு அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

மறுபடி போனபோது டாக்டரிடம் கேட்டேன். அமிலாய்டு இருக்கிறது என்று வந்தால் என் வாய்ப்புக் கூடுகிறது, ஆனால் எந்த வருடம் என்று அது சொல்லாது. இல்லை என்று வந்தால் அல்சைமர் அநேகமாக இல்லை. ஆனால் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவனுக்கு ரத்தக்குழாய் அடைப்பால் வரும் டிமென்ஷியா என்று இன்னொன்று இருக்கிறது. லெகனிமாப் என்ற மருந்தை 2023-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும். ஒன்றரை வருடச் சோதனையில் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. நிறுத்தவில்லை, குறைந்தது. மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு அது நல்ல செய்தியாக இருக்கலாம். நான் அதைக் குறை சொல்லவில்லை.

மகனிடம் கேட்டேன்: "பதில் தெரிஞ்சா நான் வேற என்ன செய்யப் போறேன்?" அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்களுக்குத் தெரியணும் வாப்பா" என்றான். அதுவும் நியாயமான பதில்தான். அவன் உம்மாவை யார் பார்த்துக்கொள்வது, ஷார்ஜா வேலையை எப்போது விடுவது என்று அவனுக்கும் கணக்குகள் இருக்கின்றன. இப்போதைக்கு வேண்டாம், ஒரு வருடம் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். ஆனால் வருமா வராதா என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டேன். பென்ஷன் கணக்கு இருவர் பெயரில் இருக்கிறது. கஜாவில் பாதி மரம் போய் மீதி நிற்கிற தென்னந்தோப்பைப் பிள்ளைகள் ஒப்புதலோடு முறைப்படி எழுதிப் பதிந்துவிட்டேன். விவரம் புரிந்து முடிவெடுக்கக்கூடிய நிலையில் உள்ளவர் செய்த ஒப்பந்தம்தான் செல்லும் என்பது 1872-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. பின்னால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று, எனக்கு விவரம் புரிகிறது என டாக்டரிடம் சான்றும் வாங்கி வைத்தேன். இந்த நடு நிலையில் இருப்பவர் கையெழுத்துச் செல்லாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சீட்டில் அப்படி எழுதியிருப்பதாலேயே உரிமை போய்விடாது.

இடையில் ஒரு சந்தோஷ சமாச்சாரம். ஹைதராபாத் நிஜாம் மருத்துவக் கழகத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் எழுதியிருக்கிறார்கள். ஒரே மொழி பேசியவர்களை விட, இரண்டு மொழியாவது பேசியவர்களுக்கு வியாதி நாலரை வருடம் தாமதமாக வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் இது இருந்தது. மலாயா, பர்மா, இலங்கை என்று போய்வந்த நம்மூர்ப் பெரியவர்கள் பலர் தொண்ணூறு வயதிலும் தெளிவாகப் பேசியதற்கு இதுதான் காரணமோ என்னவோ. டீக்கடையில் இதைச் சொன்னதும் ஒருவர் சட்டென்று மலாயில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக் காட்டினார். ஏழு விட்டுப்போனது.

சரி, பேனா விஷயம். மார்ச் மாதம் மகளை உட்கார வைத்து லாத்தா கதையைச் சொன்னேன். கஞ்சி அவளுக்குத் தெரியும், வளையல் தெரியும். இரண்டையும் அவள் சேர்த்துப் பார்த்ததில்லை. "எங்கிட்டேர்ந்து எல்லாத்தையும் வாங்கிட்டா, நான் எப்பத் தப்புப் பண்றேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். டிவிஎஸ் சாவியைத் தர மாட்டேன் என்றாள். அது சரிதான், ரோட்டில் மற்றவர் உயிரும் இருக்கிறது. பால் கணக்கும் ரேஷன் கடையும் கரண்ட் பில்லும் திரும்பி வந்தன. கரண்ட் பில்லை அவள் போனில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வாள். ஏ.டி.எம். அட்டை இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

அன்று ராத்திரி மனைவி ஒரு நோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பழைய நாற்பது பக்க நோட்டு. "டாக்டர்கிட்ட இதைப் பாத்துத்தான் சொன்னேன். உங்கள்ட்ட மறைச்சு என்னத்துக்கு" என்றாள். 2023 ஜூனிலிருந்து தேதி போட்டு எழுதியிருந்தாள். ஒரே கதையை விருந்தாளியிடம் மூன்று தடவை சொன்னது. பட்டுக்கோட்டையிலிருந்து வருகிற பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. பேத்தியை மகள் பெயரால் கூப்பிட்டது. இரண்டாவது உயிர்வாழ் சான்றும் அதில் இருந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன், டீக்கடைக்காரர் மனைவி சொன்னாளாம். முப்பத்தேழு பதிவுகள். எனக்கு ஞாபகம் வந்தது பதினாலு. மற்றவை வேறு யாரோ ஓர் ஆளைப் பற்றி எழுதியவை போல இருந்தன.

என்ன வேகத்தில் மாறுகிறது, எந்த வேலையில் தடுமாறுகிறார் என்று கூட இருப்பவர் சொல்வது ஸ்கேனுக்குக் குறைந்த சாட்சியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறார். தொடர்ந்து எழுதச் சொன்னேன். ஆனால் எனக்குக் காட்ட வேண்டாம் என்றேன். "படிச்சா உங்களுக்குக் கோவம் வரும்" என்றாள். கோபத்துக்காக இல்லை என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

ஜூலையில் மறுபடி பரீட்சை எழுதினேன். 24. பி12 ஊசியா, மாத்திரையை நிறுத்தியதா, காது மெஷினா, கேள்வித்தாள் பழகிவிட்டதா என்று தெரியவில்லை. டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. "அடுத்த தடவை பாப்போம், ஐயா" என்றார்.

போன மாதக் கடைசியில் பால்காரர் 32 லிட்டர் என்றார். என் காலண்டரில் 31½. அவர் தப்பாகச் சொல்கிறார் என்று வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தேன். மனைவி உள்ளேயிருந்து, "மம்மாத்து மாமி வந்தன்னைக்கு அரை லிட்டர் கூட வாங்கினோம்ல" என்றாள். மாமி வந்தது ஞாபகம் இருந்தது. வட்டிலப்பம் செய்ததும் ஞாபகம் இருந்தது. பால் வாங்கியது இல்லை. பால்காரரிடம் அரை லிட்டர் காசையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, காலண்டரில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் அரை என்று போட்டேன். அடுப்படியில் டப்பாவைத் திறக்கிற சத்தமும், பிறகு நோட்டுப் புரட்டுகிற சத்தமும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.